வலியை நிறுத்திய நாள்

ஜூன் 9

அன்புள்ள பூச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். அம்மாவும் நலம், வலது கண்ணைத் தவிர. நேற்று தேநீரில் இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, இப்போதெல்லாம் சர்க்கரையில் கலப்படம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஆபரேஷனை இனித் தள்ளிப்போட முடியாது.

போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் முதல் எழுத்திலேயே என் நாக்கு மாட்டிக்கொள்கிறது. உனக்குப் பொறுக்காது, மீதியை நீயே சொல்லிவிடுவாய். பாதி நேரம் நான் சொல்ல வந்தது அதுவாக இருக்காது. தாளில் எனக்குத் திக்குவதில்லை. சர்க்யூட் போர்டு ஏற்றிவரும் வேன் வாரம் ஒருமுறை உன் ஆபீசுக்குத் திரும்புகிறதே, டிரைவரிடம் கொடுத்தால் மறுநாள் உன் மேசைக்கு வந்துவிடும்.

சாலைச் சுரங்கப்பாதையில் காற்று ஃபேன்களை ஓட்டும் நாற்பத்தெட்டு போர்டுகளையும் மாட்டியாகிவிட்டது. இங்கே பராமரிப்பு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். ஆறேகால் அடி. எல்லாரும் ஏணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரே அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொண்டார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல யாரும்மா மேஸ்திரி?" என்று கேட்டார்.

"யா... யாரும் இல்லண்ணே."

நம்பவில்லை. நீ யாரிடம் பேசினாலும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவாய், எனக்கு விளக்கிச் சொல்ல அரை மணி ஆனது. ஒவ்வொரு போர்டும் நொடிக்கொரு தரம் கம்பியில் சொல்லும்: இந்த ஃபேனை ஓட்ட எனக்கு இவ்வளவு தெம்பு இருக்கிறது. தெம்பு அதிகமாக உள்ளது வேலையை எடுத்துக்கொண்டு, போதும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மற்றவற்றை அமர்த்தும். அந்தக் குரல் நின்றுபோனால் அடுத்தது எடுத்துக்கொள்ளும். அம்மாவுக்குத் தைராய்டு வந்தபோது டாக்டர் சொன்னதிலிருந்துதான் இது எனக்குத் தோன்றியது என்றும் சொன்னேன். உடம்பில் ஒவ்வொன்றுக்கும் உத்தரவு போட ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கவில்லை. சுரப்பி இரத்தத்தில் சேதியைக் கலந்துவிடுகிறது. வேண்டிய உறுப்பு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது.

கேட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு போர்டை உருவிவிட்டார்! தலைக்குமேல் ஃபேன் ஒரு மூச்சு தயங்கியது, மறுபடி ஓடியது. "அடேங்கப்பா. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் லீவு போட்டா மூணு நாளைக்கு ஃபைல் நகராது" என்றார். பிறகு கேட்டார் பார், அதுதான் கேள்வி. "சரிம்மா, செத்தது செத்துப்போச்சுன்னு எனக்கு யாரு சொல்லுவா?"

அதற்குத்தான் வலி இருக்கிறது என்றேன். போர்டு ஒன்று விழுந்தால் பக்கத்துப் போர்டு வேலையை எடுத்துக்கொள்வதோடு கண்ட்ரோல் ரூமுக்கும் சொல்லும், திரையில் மஞ்சள் விளக்கு எரியும். புரோகிராமில் அந்தப் பகுதிக்கு நான் வைத்த பெயரே வலிதான் என்றதும் மனிதர் ரொம்ப நேரம் சிரித்தார்.

வேளைக்குச் சாப்பிடு. அறுபது பேருக்கு முதலாளி ஆகிவிட்டாய் என்பதற்காக அறுபது பேரின் கவலையையும் தின்றுகொண்டிருக்காதே.

உன் அன்பு அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பூச்சி எழுதிக்கொள்வது. உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துவிட்டு நானே சிரித்தேன். உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் எனக்கு வீடு ஞாபகம் வருகிறது.

அம்மாவுக்கு இங்கேயே நல்ல கண் மருத்துவமனையில் ஜூலை 14 என்று தேதி வாங்கிவிட்டேன். இரண்டு பேரும் முதல் நாளே வந்துவிடுங்கள். செலவைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு சின்ன விஷயம், கோபப்படாமல் படி. கண்ட்ரோல் ரூமிலிருந்து தினமும் போன் வருகிறது. திரையில் ஐந்து மஞ்சள் விளக்காம். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "என்னங்க, தானே சரிபண்ணிக்கும்னீங்க, இது நாளெல்லாம் முனகிக்கிட்டே இருக்கே?" என்கிறார். ஆகஸ்டில் ஒப்படைக்க வேண்டும். வலியைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைக்கலாமா? ஒப்படைத்த பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஃபேன் எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

ஒப்படைப்பு விழாவில் உன்னைப் பேசச் சொல்வார்கள். பயப்படாதே, நான் பேசிக்கொள்கிறேன்.

பூச்சி

ஜூன் 27

அன்புள்ள பூச்சிக்கு,

முடியாது.

இதோடு நிறுத்தினால் அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள் என்பாய். அதனால் காரணத்தையும் எழுதுகிறேன். சர்க்கரை நோயில் காலின் உணர்ச்சி போனவர்களைப் பார்த்திருக்கிறாய். செருப்பைத் தாண்டி ஆணி ஏறியிருக்கும், அவர்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்கள். தெரியவரும்போது காலையே எடுக்க வேண்டியிருக்கும். நம்முடைய போர்டுகளும் அப்படித்தான். ஒன்று செத்தால் அதன் பாரம் மற்றவற்றின் தலையில். அவை சூடாகும், சீக்கிரம் சாகும், பாரம் இன்னும் ஏறும். கடைசி போர்டு விழுகிறவரை ஃபேன் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் நலமாகத் தெரியும். வலி இல்லாவிட்டால் இந்த அமைப்பைப்போல ஆபத்தானது வேறில்லை.

அந்த ஐந்தும் ஏன் செத்தன என்று பார்த்தேன். பெட்டிக்குள் ஈரம் இறங்குகிறது. மூடியை அடைக்கும் ரப்பர் வளையம் மட்டமான சரக்கு. விளக்கை அணைக்க யோசிக்கும் நேரத்தில் வளையத்தை மாற்ற ஏற்பாடு செய். ஏணி அண்ணன் ஒரே வாரத்தில் மாட்டித் தருகிறேன் என்கிறார்.

13ஆம் தேதி சாயங்காலம் வந்துவிடுகிறோம்.

அக்கா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஒப்படைத்தாகிவிட்டது! நீயும் வந்திருக்க வேண்டும். அம்மா கண்ணுக்கு மருந்து விடவேண்டும் என்று சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டாய். மேடையில் உன்னைப் பற்றித்தான் பத்து நிமிடம் பேசினேன். என் அக்கா அதிகம் பேசமாட்டாள், அவள் செய்த போர்டுகள் பேசும் என்றேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

நீ சொன்னபடியே ஒரு கான்ட்ராக்டரை வைத்து வளையத்தை எல்லாம் மாற்றிவிட்டேன். அதன்பிறகு திரையில் ஒரு மஞ்சள்கூட இல்லை, எல்லாம் பச்சை. வலி அப்படியேதான் இருக்கிறது, உன் குழந்தையை நான் தொடுவேனா?

அம்மா இப்போது உப்பையும் சர்க்கரையையும் சரியாக எடுக்கிறாளா?

உன் பூச்சி

பிப்ரவரி 11

பூச்சி,

இதைத் தாளில் எழுதுவதற்குள் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எட்டாம் தேதி மதியம் ஒன்றரை மணிக்கு ஏணி அண்ணன் நடுப்பகுதியில் விளக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பாதையை ஒரு பக்கம் அடைத்திருந்தார்கள். இன்னொரு பக்கத்தில் லாரிகள் வரிசையாக நின்று புகை கக்கிக்கொண்டிருந்தன. ஃபேன்கள் முழு வேகத்துக்கு ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விஷவாயு எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை, அதையும் அதே போர்டுகள்தானே பார்த்துக்கொண்டிருந்தன. லாரிக்காரர்கள் எப்படியோ இறங்கி ஓடிவிட்டார்கள். இவர் ஆளை மேலே தூக்கும் மேடை வண்டியின் உச்சியில் இருந்தார். இறக்குவதற்கு இருபது நிமிடம் ஆனது.

உயிர் இருக்கிறது. இன்னும் கண் திறக்கவில்லை.

நான் ஓடிப்போய்ப் பெட்டிகளைப் பார்த்தேன். நடுப்பகுதியில் பதினாறு போர்டு. பன்னிரண்டு கறுத்துப்போய்க் கிடக்கின்றன, அன்றைக்குச் செத்தவை அல்ல, பல மாதத்துப் பிணங்கள். மீதி நாலு அத்தனை பாரத்தையும் தூக்கிக்கொண்டிருந்திருக்கின்றன, அன்று மதியம்வரை. வளையங்கள் எல்லாம் அதே பழையவை. திரை மட்டும் பச்சை.

வலி ஏன் வரவில்லை பூச்சி? நான் எழுதியதில் எங்கே பிழை? மூன்று நாளாக ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறேன். எனக்குத் தெரியாமல் நான் என்ன செய்துவைத்தேன்?

அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மனதைத் தேற்றிக்கொள். இது விபத்து. எத்தனை பெரிய ஆட்களுக்கும் நடக்கும்.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். நீ எதையும் தொடாதே, யாரிடமும் எதுவும் சொல்லாதே. ஆட்கள் வந்து பெட்டிகளுக்கெல்லாம் சீல் வைப்பார்கள். வளையம் மாற்றும் கான்ட்ராக்டர் ஏமாற்றிவிட்டான், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குழுவின் முன் நீ வந்து நிற்க வேண்டாம். ஐந்து பேர் உட்கார்ந்து உன்னையே முறைத்துக்கொண்டிருப்பார்கள், உனக்கு ஒரு வார்த்தை வெளியே வராது. அக்காவுக்குப் பேச்சு சரியாக வராது, அவள் சார்பில் நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு இதே டிரைவரிடம் கொடுத்தனுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து உனக்காகப் பேசுகிறவன் நான்தானே.

பூச்சி

மார்ச் 2

தம்பிக்கு,

நேற்று மருத்துவமனைக்குப் போனேன். ஏணி அண்ணன் கண் விழித்துவிட்டார். ஆளைத் தெரிகிறது, பேச்சும் வருகிறது. கைதான் நடுங்குகிறது, தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இனி மேலே ஏறும் வேலை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

வராந்தாவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நகர்ந்தார். நான் பின்னாலேயே போனேன். திரும்பி நின்று கேட்டார். "உங்களுக்கு என்னங்க பண்ணோம் நாங்க? உங்களைப் பத்தி அவரு எவ்வளவு பெருமையா பேசுவாரு தெரியுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நா... நான்..." என்று நின்றேன்.

"உங்க தம்பி வந்துட்டுப் போனாரு. தங்கமான மனுஷன். என் கையைப் புடிச்சிக்கிட்டு அழுதாரு. எங்க அக்கா பண்ண தப்புக்கு நான் மன்னிப்பு கேக்குறேன், விளக்கு எரியறது தொந்தரவா இருக்குன்னு அவங்களே நிறுத்திட்டாங்க, என்கிட்டகூட சொல்லலைன்னாரு. ஏன் நிறுத்துனீங்க?"

பூச்சி, நீ என் பக்கத்தில் நின்றிருந்தால் எனக்கு வராத வார்த்தையை எடுத்துக்கொடுத்திருப்பாய். நேற்று எனக்கு வேண்டியிருந்த வார்த்தை உன்னிடம் இருந்திருக்குமா?

அந்த அம்மா ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். நீ அப்படிச் சொல்லியிருக்கமாட்டாய். இல்லை என்று ஒரே ஒரு வரி எழுது, போதும்.

நீ அனுப்பிய தாளில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். படிக்காமலே போட்டேன்.

அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இவ்வளவு பதறுவாய் என்று தெரிந்துதான் உன்னிடம் மெதுவாகச் சொல்ல நினைத்தேன்.

ஆபீஸ் பதிவேட்டைக் குழு எடுத்துப் பார்த்தது. ஜூலை 14 அன்று வலி நிறுத்தப்பட்டிருக்கிறது, உன் பெயரில், உன் பாஸ்வேர்டில். நான் என்ன செய்ய முடியும்? அன்றுதான் அம்மாவுக்கு ஆபரேஷன். முந்தின இரவு நீ தூங்கவே இல்லை. ஏதோ சோதிக்கப் போய், நிறுத்திவிட்டு, திரும்பப் போட மறந்திருப்பாய். மனிதர்களுக்கு நடப்பதுதானே. உன்னை நான் குறை சொல்லவில்லை.

நிதானமாக யோசி. உன் பேரில் வந்தால், ஆராய்ச்சி செய்கிறவரின் கவனப்பிழை என்று எழுதி முடித்துவிடுவார்கள். கொஞ்ச நாள் வேலை பார்க்கக் கூடாது என்பார்கள், அவ்வளவுதான். என் பேரில் வந்தால் கம்பெனியை மூடவேண்டும். அறுபது குடும்பம். அம்மாவும் நம்மை நம்பித்தான் இருக்கிறாள். உன்னை நான் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்வேன், இது சத்தியம்.

18ஆம் தேதி கடைசி அமர்வு. நீ வரவேண்டாம்.

பூச்சி

மார்ச் 13

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் அதை நம்பினேன். என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவிடம் போய், அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் கம்ப்யூட்டரைத் திறந்தேனாம்மா என்று கேட்டேன். அன்று கண்ணைக் கட்டிப் படுத்திருந்தவளிடம்! இந்த இரண்டு நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ஏணி அண்ணன் ஆளனுப்பினார். போனேன். மனைவியை வெளியே போகச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் பேசினார். "நீங்க நிறுத்தியிருக்கமாட்டீங்கம்மா. ஜனவரில ஒரு பெட்டியைத் திறந்தேன், ஒண்ணு கருகிக் கெடந்துச்சு. கண்ட்ரோல் ரூம்ல கேட்டா, எல்லாம் பச்சை, உன் வேலையைப் பாருன்னாங்க. நீங்க பாத்தா காரணம் தெரியும்னு எடுத்து வெச்சேன். குடுக்கறதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு." அவர் கருவிப்பையின் அடியிலிருந்து துணியில் சுற்றிய போர்டை அந்த அம்மா எடுத்துக் கொடுத்தார்.

ஆபீஸ் பதிவேட்டில் உனக்கு வேண்டியதை மட்டும் விட்டுவைத்து மீதியை அழித்துவிட்டாய். ஆனால் நான் எழுதியதை நீ ஒருநாளும் முழுதாகப் படித்ததில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. அந்தப் போர்டுகளில் தலைவன் கிடையாது. ஒரே இடத்தில் குறிப்பு வைத்தால் அந்த இடம் செத்தால் எல்லாம் போய்விடும். அதனால் யார், எப்போது, எந்த இயந்திரத்திலிருந்து எதை மாற்றினாலும், நாற்பத்தெட்டிலும் தனித்தனியாக அது பதிந்திருக்கும். கருகிய போர்டிலிருந்து மெமரி சிப்பை மட்டும் சூடு காட்டிப் பிரித்து எடுத்தேன். படிக்க முடிந்தது.

ஜூலை 14, காலை பதினொன்று இருபது. உன் மடிக்கணினி.

அந்த நேரத்தில் நாம் இருவரும் ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாய். "அக்கா, பழைய ஃபைல் ஒண்ணு வேணும், உன் பாஸ்வேர்டு என்ன?" என்றாய். எனக்கு வாயில் வரவில்லை, அம்மாவின் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். உன் செல்லப்பெயர்தான். அதைக்கூட உனக்கு ஊகிக்கத் தெரியவில்லை. பார்த்துச் சிரித்தாய், என் தோளில் லேசாக இடித்தாய். பிறகு எழுந்துபோய் எனக்குத் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தாய். நிறுத்தியது அதற்கு முன்பா பின்பா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எதற்கென்று தெரியாமல்.

பயத்தில் நிறுத்தினாய் என்றால் எனக்குப் புரியும். வளையத்தை மாற்றியதாகப் பொய் சொன்னதைக்கூட எப்படியாவது விழுங்கியிருப்பேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொல்லி அழுதாயே, அதற்கு எங்கிருந்து மனம் வந்தது உனக்கு?

18ஆம் தேதிக்கு முன் நீயே போய்ச் சொல். சிப் என்னிடம் இருக்கிறது. நீ சொல்லாவிட்டால் நான் வருவேன். நான் கையெழுத்துப் போட்ட தாளை ரத்து செய்யச் சொல்லிக் குழுவுக்கு இன்றே எழுதிவிட்டேன்.

அக்கா

மார்ச் 24

அக்கா,

நீ வருவாய் என்று நான் நினைக்கவே இல்லை. வந்தாலும் பேசமாட்டாய் என்று நினைத்தேன்.

குழுவின் முன் ஐம்பது நிமிடம் பேசினாய். அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஜூலை என்ற சொல்லில் நீ மாட்டிக்கொண்டபோது நான் எடுத்துக்கொடுக்கத்தான் வாயைத் திறந்தேன், பழக்கம். வேறு எண்ணம் இல்லை. அத்தனை பேர் முன்னால் கையைக் காட்டி, "நீ சும்மா இரு" என்றாயே. அந்த வார்த்தை மட்டும் உனக்குத் திக்கவே இல்லை.

கம்பெனியின் உரிமத்தை எடுத்துவிட்டார்கள். வழக்கு வரும் என்கிறார் வக்கீல். நேற்று பாதிப் பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். வீட்டுக்குள் வைத்துப் பேசி முடித்திருக்கலாம். ஒரு வெளியாளுக்காகச் சொந்தத் தம்பியைக் கொண்டுபோய் நிறுத்தினாய். நான் செய்தது தப்புதான். நீ செய்ததற்கு என்ன பெயர்?

என்னை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்கு ஒன்றும் தெரியவேண்டாம்.

பூச்சி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ வந்து சொல்வாய் என்று ஒரு வாரம் பார்த்தேன். முழுதும் கேட்டாள். பிறகு, "நீ எதுக்குடி அவன்கிட்ட அந்தப் பாஸ்வேர்டை எழுதிக் குடுத்த?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுக்களைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சுரங்கப்பாதைக்காரர்கள் என்னை நேரடியாக வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். போர்டுகளை எல்லாம் புதிதாகப் போடுகிறோம், வளையங்களை நானே நின்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஏணி அண்ணனுக்குக் கண்ட்ரோல் ரூமில் திரை பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு மஞ்சள் வந்தால் போதும், பத்து பேருக்குப் போன் போட்டு உயிரை எடுக்கிறார். அவர் மனைவி என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. தலையசைப்பதோடு சரி. நீ சொன்னது பொய் என்று தெரிந்த பிறகும், முதலில் கேட்டது போக நாளாகும்போல.

ஒரு வரி கேட்டிருந்தாய். மார்ச் இரண்டாம் தேதி நானும் உன்னிடம் ஒரு வரிதான் கேட்டேன்.

எனக்கு இனிக் கடிதம் எழுதாதே. வேன் டிரைவரிடமும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு எழுது. இப்போது இரண்டு கண்ணாலும் நன்றாகப் படிக்கிறாள். பார்க்கவும் வா, அவள் உனக்கும் அம்மாதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வா. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இருக்கும். இல்லாவிட்டாலும் இருக்கும்.

அக்கா